வினோத சம்பாஷணையிலிருந்து விசைப்பலகை வரை



வார இறுதி மாலையில் சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேக்கா சந்தைக்குள் ஒரு கூட்டம், பஃபலோ சாலையில் பூக்கடை முன்னால் ஒரு கூட்டம், தொழிலாளர் தம்பிமார் ஊருக்குப் பணம் அனுப்ப நிற்கும் வரிசை தனி. இவ்வளவையும் தாண்டி ஒரு சொற்பொழிவைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அரட்டை. மென்பொருள் எழுதும் தமிழர்கள் வேலைக்கு நடுவே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அரட்டை. அந்த அரட்டையில் முளைக்கும் சொல் விளையாட்டு, விடுகதை, மொழிப் புதிர். அரட்டைக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கணினியில் இன்று நாம் தமிழில் எழுதுகிறோமே, அதற்குப் பின்னால் அரட்டையும் புதிரும் இருக்கின்றன. அந்தக் கதையில் நம் சிங்கப்பூருக்குப் பெரிய இடம் இருக்கிறது.

கணினிக்குத் தமிழ் வருவதற்கு நூறு ஆண்டு முன்னால் போவோம். ஆண்டு 1887. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.ந. சதாசிவ பண்டிதர் என்ற புலவர் இங்கே நூல்களை அச்சிடுகிறார். ஒன்றின் பெயர் ‘சிங்கை நகர் அந்தாதி’. இன்னொன்றின் பெயர் ‘சித்திர கவிகள்’. சிங்கப்பூரில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் இலக்கிய நூல்களில் இவை சேரும். சித்திரகவி என்றால் என்ன? தேர், தாமரை, நாகம் என்று ஓர் உருவத்தை வரைந்து அதன் கட்டங்களுக்குள் எழுத்துகளை அடைக்க வேண்டும். அந்த உருவத்தின் வளைவுகளின் வழியே படித்தால் பாட்டு வர வேண்டும். அதாவது எழுத்துப் புதிர்! இந்தத் தீவின் தமிழ் இலக்கியம் தொடங்குகிற இடத்திலேயே புதிர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அதே 1887-ல் ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழ் தொடங்குகிறது. ஆசிரியர் சி.கு. மகதூம் சாயபு. மறு ஆண்டு, 1888-ல், அவர் அந்த இதழில் உரையாடல் வடிவில் ஒரு கதை எழுதுகிறார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வினோத சம்பாஷணை’. வேடிக்கைப் பேச்சு என்று பொருள். அரட்டை என்று நாமும் சொல்லலாம், தவறில்லை. தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் கேட்டு வாதாடியவர் ஒருவர் இருந்தார். பழைய இதழ்களைப் புரட்டி, இந்தக் கதையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஆய்வாளர். அவர் பெயர் நா. கோவிந்தசாமி.

இந்தப் பெயரை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேட்டிருக்க வேண்டும். நா. கோவிந்தசாமி 1946-ல் பிறந்து 1999-ல் மறைந்தவர். ஆசிரியர். சிறுகதை எழுத்தாளர். தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினிப் படிப்புப் படித்து வந்தவர் அல்லர். ஆனால் தமிழ் இணையத்தில் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். எழுத்துரு செய்தார், விசைப்பலகை செய்தார். தம் படைப்புக்கு ‘கணியன்’ என்று பெயர் வைத்தார். சங்கப் புலவர் பூங்குன்றனாரின் அடைமொழி அது. கணிப்பவன் என்ற பொருளும் அதில் இருக்கிறது. பாருங்கள், பெயர் வைக்கும்போதே ஒரு சிலேடை! காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்தார் என்று படிக்கிறோம். கோவிந்தசாமி புலவரையும் கணினியையும் ஒரே சொல்லில் வைத்தார்.

அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் இருந்த டான் டின் வீ என்ற அறிஞரோடு கைகோத்தார். ஒருவர் தமிழாசிரியர், மற்றவர் சீன இனத்தவரான அறிவியலாளர். 1995 அக்டோபரில், அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் சிங்கப்பூர்க் கவிதைகள் அதில் ஏறின. உலகின் பெரும்பாலான தமிழர்கள் இணையம் என்ற சொல்லையே கேட்டிராத காலம் அது. இணையத்தில் முதலில் ஏறிய தமிழ்ப் பக்கங்களில் சிங்கப்பூர்க் கவிதை இருந்தது என்பதை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டாமா?

ஆனால், அப்போது ஒரு பெரிய தொல்லை இருந்தது. தொண்ணூறுகளில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் இந்த அவையில் இருந்தால் தலையை ஆட்டுவீர்கள். நீங்கள் ஓர் எழுத்துருவில் எழுதி அனுப்புவீர்கள். பெற்றவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் அவர் திரையில் வருவது என்ன? கொம்பும் புள்ளியும் வெட்டுக் கோடுமாக, எந்த மொழியும் இல்லாத ஒரு கிறுக்கல். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். இங்கே ‘கணியன்’. யாழ்ப்பாணத்தார் கையில் ‘பாமினி’. ஒவ்வொன்றும் தமிழைத் தன் வழியில் எண்ணாக்கிற்று. ஒருவர் தமிழ் அடுத்தவர் கணினிக்குப் புரியவில்லை.

எழுத்துருவே வேண்டாம் என்று சிலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அங்கேயும் புதிர்தான். ‘padam’ என்று எழுதினால் படமா, பாடமா, பதமா, பாதமா? ‘palli’ என்று எழுதினால் மாணவர் போகும் பள்ளியா, சுவரில் ஓடும் பல்லியா? வாக்கியம் முழுவதையும் படித்துத்தான் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் இரவு நேரங்களில் இப்படி எழுதி, தப்பாகப் படித்து, சிரித்து, திருத்தி, மறுபடி எழுதினார்கள். அந்தச் சிரிப்பில்தான் நட்பு வளர்ந்தது. நட்பு வளர்ந்ததால்தான் சண்டை போட முடிந்தது. சண்டை போட்டதால்தான் ஒரு பொது முடிவுக்கு வர முடிந்தது.

என்ன சண்டை? இதுதான் புதிர், கேளுங்கள். அன்றைய கணினிக் குறியீட்டில் மொத்தம் 256 அறைகள். முதல் பாதியில் ஆங்கிலம் குடியிருந்தது. தமிழுக்குக் கிடைத்தது மீதி 128 அறைகள். நம் எழுத்துகள் எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. அதற்கு மேல் கிரந்த எழுத்துகள் வேறு. 128 அறைக்குள் 247 பேரைக் குடியமர்த்துவது எப்படி?

கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு ஆகியவற்றைத் தனியே பிரித்துவிடலாம். எந்த எழுத்தோடும் அவை ஒட்டும். ஆனால் உகரம்? ‘கு’ ஒரு கோலம், ‘சு’ ஒரு கோலம், ‘டு’ ஒரு கோலம், ‘மு’ ஒரு கோலம், ‘து’ ஒரு கோலம். ஊகாரமும் அப்படியே. பிரிக்க முடியாது. 18-க்கு இரண்டு முறை, 36 அறைகள் அவற்றுக்கே போய்விடும். மிச்சத்தில் யாரை வைப்பது, யாரை விடுவது, தமிழ் எண்களுக்கு இடம் உண்டா, கிரந்தத்துக்கு எத்தனை? சுவிட்சர்லாந்திலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தவர்கள் மாதக் கணக்கில் வாதாடினார்கள். வாதத்துக்கு நடுவே திருக்குறள் வந்தது, சினிமாப் பாட்டு வந்தது, ஊர் சமையல் வந்தது. சிலருக்கு அது வீண் பேச்சாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சம்பளம் இல்லாத வேலையில், முகம் பார்க்காத மனிதர்கள், கருத்து மாறுபட்ட பிறகும் மறுநாள் திரும்பி வந்தார்களே, எதற்காக வந்தார்கள்? குறியீட்டு அட்டவணைக்காக மட்டுமா வந்தார்கள்? நேற்று ஒருவர் போட்ட விடுகதைக்கு இன்று பதில் சொல்லவும் வந்தார்கள்.

முகம் பார்க்கும் நாளும் வந்தது. 1997 மே மாதம், சிங்கப்பூரில், ‘தமிழ்நெட் 97’ மாநாடு. எழுத்தாகவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். அடுத்தது 1999-ல் சென்னை. அங்கே ‘தமிழ் 99’ விசைப்பலகை பிறந்தது. 2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூர். உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அந்த மாநாட்டில்தான் உருவானது. கோவிந்தசாமி அதைப் பார்க்க இல்லை. முந்தின ஆண்டே, 53 வயதில், போய்விட்டார். விதை போட்டவர் நிழலில் உட்காரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த நட்பு வட்டத்திலிருந்து இன்னொரு பெரும் பணியும் கிளைத்தது. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்றினார்கள். பின்னாளில், 2015-ல், சிங்கப்பூர் விடுதலையடைந்த பிறகு இங்கே வெளிவந்த நூற்றுக்கணக்கான தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்த பணியும் தன்னார்வலர் உழைப்பில்தான் நடந்தது. விக்டோரியா ஸ்திரீட் பக்கம் போனால் நூலகத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

2005 பொங்கலுக்கு இதே சிங்கப்பூரில் இன்னொன்று நடந்தது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் ‘செல்லினம்’ என்ற செயலியை முத்து நெடுமாறன் இங்கேதான் வெளியிட்டார். துணை நின்றது நம் ஒலி 96.8 வானொலி. அதுவரை மாநாட்டில் கட்டுரை படித்த தமிழ், நூலகத்தில் ஏறிய தமிழ், அன்று பையில் இருந்த தொலைபேசிக்குள் இறங்கியது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று தமிழ் எழுத்தில் அனுப்ப முடிந்தது. ‘எங்க இருக்கே, சாப்பிட்டியா’ என்று கேட்க முடிந்தது. அரட்டைக்குத் தமிழ் எழுத்து கிடைத்த நாள் அது. அங்கேயும் ஒரு கணக்கு இடித்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் தமிழை எழுதினால் 70 தான். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுபது அன்று.

ஏன் அன்று? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த புதிருக்கு வருகிறோம்.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும், மூன்று என்று. கணினியைக் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு முறையில் குறி தனி, புள்ளி தனி. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்கென்று இந்திய அரசு வகுத்திருந்த குறியீட்டைப் பின்பற்றியது. அந்த அமைப்பு அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்தது. திரையில் மூன்று எழுத்தாகத்தான் தெரியும். உள்ளே ஐந்து.

சரி, இப்போது ‘விகடகவி’ என்று எழுதுங்கள். தெனாலிராமன் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் சொல். முன்னால் படித்தாலும் விகடகவி, பின்னால் படித்தாலும் விகடகவி. இப்படித் திருப்பினாலும் மாறாத பாட்டுக்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் சீகாழியில் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். பதின்மூன்று நூற்றாண்டு பழைய விளையாட்டு இது! நிரல் எழுதக் கற்கும் மாணவருக்கு ஆசிரியர் கொடுக்கும் முதல் பயிற்சிகளில் ஒன்றும் இதுவே: ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு அதே சொல்தானா என்று பார். மாணவர் ‘விகடகவி’யைக் கொடுக்கிறார். கணினி இல்லை என்கிறது.

ஏன் இல்லை என்கிறது? உள்ளே இருப்பது வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. ஏழு. பின்னாலிருந்து எடுத்தால் முதலில் வருவது இகரக் குறி. எந்த எழுத்தின் மேலும் உட்காராத கொக்கி! அது அந்தரத்தில் தொங்குகிறது. அடுத்து வ, க, ட. அதற்குப் பிறகு வரும் ககரத்தின் மேல் மற்றோர் இகரக் குறி ஏறிக்கொள்ள ‘கி’ ஆகிறது. கடைசியில் வெறும் வ. விகடகவி சிதைந்துபோகிறார். தெனாலிராமனை யாராலும் ஏமாற்ற முடியவில்லை என்று கதை படித்தோம். இயந்திரம் ஏமாற்றிவிட்டது.

எழுத்தை எழுத்தாகப் பிரிக்கத் தெரிந்த நிரல் வேண்டும். அப்படிப் பிரிக்கும் கருவிகளைத் தமிழ் நிரலாளர்கள் எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு அவற்றில் ஒன்று. அதை எடுத்துப் போட்டால் விகடகவி மீண்டும் விகடகவி ஆகிவிடுவார். ஆனால் நான் சொல்வது வேறு. இந்தப் பிழை எங்கே பிடிபடும்? கணக்கு வழக்கு மென்பொருளில் யாரும் சொல்லைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விளையாடும்போதுதான் பார்ப்பார்கள். ஒருவர் மாலைமாற்றுப் போட்டி வைப்பார், மற்றவர் நிரல் எழுதுவார், நிரல் தடுக்கி விழும், எல்லோரும் சேர்ந்து காரணம் தேடுவார்கள். புதிர் போட்டவரே பிழை கண்டவர் ஆகிறார்.

2022-ல் உலகமே ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டில் மூழ்கியதே, ‘வேர்டில்’, நினைவிருக்கிறதா? தமிழிலும் அதைச் செய்தார்கள். செய்த உடனே எழுந்த கேள்வி: கட்டத்துக்குள் எதை வைப்பது? ‘கி’ ஒரு கட்டமா, இரண்டா? விடை ‘கீ’யாக இருந்து ஆட்டக்காரர் ‘கி’ என்று வைத்தால் என்ன நிறம் காட்டுவது? மெய் சரி, உயிர் தவறு. முழுப் பச்சை கிடையாது, முழுச் சாம்பலும் கிடையாது. தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் படித்துவரும் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஒரு விளையாட்டுக் கட்டத்தின் நிறமாக வந்து நிற்கின்றன. இலக்கணம் இப்படிக் கண்முன் நிற்கும்போது எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

கண்ணை ஏமாற்றும் புதிர்களும் உண்டு. ‘ஔவையார்’ என்று தட்டுங்கள். பலர் ‘ஔ’ என்ற உயிரைத் தட்டுவதில்லை. ஒகரத்தைத் தட்டி ளகரத்தைப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நூலகப் பட்டியலில் தேடினால் ஒருவர் எழுதிய ஔவை இன்னொருவருக்குக் கிடைக்கமாட்டார். தமிழ் எண் ஒன்றும் ககரமும் அப்படியே, இரண்டும் உகரமும் அப்படியே, எட்டும் அகரமும் அப்படியே. மனிதர் கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு வேறு வேறு.

ஔவையைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கும் கம்பருக்கும் நடந்ததாக வழங்கும் வாய்ச்சண்டையை நீங்கள் அறிவீர்கள். எட்டுக்கு அகரம், காலுக்கு வகரம். ‘எட்டேகால் லட்சணமே’ என்று சொன்னால் ‘அவலட்சணமே’ என்று ஆகும். எண்ணைச் சொல்லி எழுத்தை உணர்த்தி வசை பாடுகிறார். காளமேகமும் பின்னங்களைப் படிப்படியாக இறக்கிப் பாடியிருக்கிறார். அரை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று நம் முன்னோர் வாணிகத்தில் புழங்கிய கணக்கு, புலவர் வாயில் புதிராயிற்று. இந்தப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் இன்று எங்கே இருக்கின்றன தெரியுமா? 2019-ல் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில், 51 குறிகளாக, தமிழுக்கென்று தனியாக ஒரு துணைப்பகுதியில் இருக்கின்றன. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்குக்கும் உலகக் குறியீட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு புலவரைச் சொல்லாமல் போனால் குறை. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நாஞ்சில் நாட்டுக்காரர். 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களைக் கவனித்துப் பதில் சொன்னவர். ஒரு கேள்விக்குப் பாட்டு, ஒரு கேள்விக்குக் கணக்கு, முதுகில் விழும் கல் எத்தனை என்ற எண்ணிக்கை, எல்லாம் ஒரே சமயத்தில். அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ‘துருக்கனுக்கு இராமன் துணை’ என்று ஈற்றடி கொடுத்துப் பாட்டை முடிக்கச் சொன்னார்களாம். துருக்கன் என்றால் இசுலாமியர். இசுலாமியரான அவரைச் சிக்க வைக்கும் கேள்வி. பாவலர் என்ன செய்தார்? முந்தின அடியை ‘சத்’ என்று முடித்தார். சத், துருக்கன். சத்துருக்கன்! இராமனின் தம்பிக்கு இராமன் துணை. மண்டபம் அதிர்ந்திருக்கும்.

இன்று தமிழை இயந்திரத்துக்குக் கற்பிப்பவர்கள் தினமும் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நாம் சேர்த்து எழுதுகிறோம், புணர்த்திப் பேசுகிறோம். ‘பலகை’ என்றால் எழுதும் பலகையா, பல கைகளா? ‘வேங்கை’ என்றால் புலியா, மரமா, வேகும் கையா? பாவலர் மேடையில் நொடியில் அவிழ்த்ததை அவிழ்க்க இயந்திரத்துக்கு இன்னமும் பயிற்சி தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் மென்பொருள் இளைஞருக்கு, சிறுவயதில் வீட்டுத் திண்ணையில் விடுகதை அவிழ்த்த பழக்கம் எவ்வளவு உதவும்!

நண்பர்களே, இனி ஊருக்குள் வருவோம். இந்த நகரமே ஒரு மொழிப் புதிர்தான். காப்பிக் கடைக்குப் போய் ‘கோப்பி சி கோசோங் பெங்’ என்று சொல்கிறோம். கோப்பி மலாய். சி என்றால் இனிப்பில்லாத டின் பால். கோசோங் மறுபடி மலாய், சுழியம், அதாவது சர்க்கரை வேண்டாம். பெங் ஹொக்கியன், பனிக்கட்டி போட்டது. பகுதிக்குப் பின் விகுதி, விகுதிக்குப் பின் விகுதி என்று தமிழ்ச் சொல்லைப் போல நீள்கிறது. கடைக்காரர்கள் தங்களுக்குள் மைலோவுக்கு ‘தாக் கியூ’ என்பார்கள். பந்து உதைத்தல் என்று பொருள். பழைய மைலோ டப்பாவில் பந்து உதைக்கும் ஆட்டக்காரர் படம் இருக்கும், அதனால் அந்தப் பெயர். தேயிலைப் பையை நூலில் கட்டித் தொங்கவிடும் தேநீருக்கு மீன் பிடித்தல் என்று பெயர். சோயாப் பாலில் கறுப்பு ஜெல்லி போட்டால் ‘மைக்கல் ஜாக்சன்’! கறுப்பும் வெள்ளையும் கலந்ததால் அந்தப் பெயர். இப்படிப் பெயர் வைத்தவர்கள் யார்? நாள் முழுக்க நின்று வேலை செய்த மனிதர்கள். ஓய்வில்லாத இடத்தில்கூட மொழி விளையாடத்தான் செய்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கும் மென்பொருள் இளைஞருக்கு முதல் வாரத்திலேயே எத்தனை புதிர்! ‘அஞ்சு வெள்ளி’ என்றால் என்ன விலை? டாலருக்கு இங்கே வெள்ளி என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்டால் அது உபசாரம். பெருவிரைவு ரயில் என்று அறிவிப்பைக் கேட்டு நிமிர்ந்து பார்ப்பார். செய்தித்தாளில் ‘வீவக’ என்று படித்து, இது எந்த ஊர்ச் சொல் என்று திகைப்பார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று சொன்னதும் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வரும் பாருங்கள்! இங்கே பிறந்தவர், மதுரையிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஈப்போவில் வளர்ந்தவர், நால்வரும் ஓர் அலுவலகத்தில் மதிய உணவுக்கு உட்கார்ந்தால் நான்கு தமிழ் மேசைக்கு வருகிறது. ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுச் சிரித்து, கற்றுக்கொண்டு எழுகிறார்கள். நான் போற்றுவது இந்த அரட்டையைத்தான்.

ஆனால், அந்த மேசையில் பெரும்பாலும் எந்த மொழி பேசப்படுகிறது? இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் நூற்றுக்கு 36.7 பேர். 2020-ல் அது 27.1. அதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசும் இந்தியர்கள் 41.6-லிருந்து 59.2-க்கு உயர்ந்தார்கள். இந்த எண்களை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். தமிழ் இங்கே ஆட்சி மொழி. பள்ளியில் பாடம் உண்டு, தேர்வு உண்டு, ஏப்ரல் மாதம் முழுவதும் தமிழ்மொழி விழா உண்டு, தொலைக்காட்சி உண்டு, 1935-ல் தொடங்கிய நாளிதழ் உண்டு. மேடையில் தமிழுக்குக் குறையே இல்லை. குறை மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் தமிழில் சொற்போர் நிகழ்த்துகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள், படி இறங்கியதும் நண்பனை ஆங்கிலத்தில் கேலி செய்கிறார்கள். கேலிக்குத் தமிழ் வராதா? வரும். கேலி செய்யத் தமிழைப் போல ஒரு மொழி உண்டா? நாம்தான் பிள்ளைகளிடம் அந்தத் தமிழைக் காட்டவில்லை. பிழையில்லாமல் பேசு, செந்தமிழில் பேசு என்று சொன்னோம். சிரிக்கப் பேசு என்று சொன்னோமா?

ஆசிரியர்களே, உங்கள் பாடத்திட்டத்தின் சுமை எனக்குத் தெரியும். ஆயினும் வாரத்தில் பத்து நிமிடம் ஒரு புதிருக்கு ஒதுக்குங்கள். மென்பொருள் இளைஞர்களே, வேலைக் குழுவில் தமிழ் தெரிந்தவர் இருவர் இருந்தால் போதும், நாளைக்கு ஒரு விடுகதை அனுப்புங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால் கோபிக்காதீர்கள், அடுத்த விடுகதையை அனுப்புங்கள். பெற்றோர்களே, குடும்பக் குழுவில் காலை வணக்கப் பூப்படம் அனுப்புகிறீர்களே, அதோடு ஒரு சொல் விளையாட்டும் போகட்டும்.

என்ன புதிர் போடுவது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ‘தமிழ்’ நமக்கு மூன்று, கணினிக்கு ஐந்து என்று பார்த்தோம். ‘பூச்சி’ நமக்கு மூன்று, கணினிக்கு ஆறு. நாமும் கணினியும் ஒரே எண்ணிக்கை சொல்லும் சொல் எது? கொம்பு, கால், புள்ளி, சுழி எதுவும் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். ‘பல’ இரண்டெழுத்து, அது எளிது. நான்கெழுத்தில் தேடிப் பாருங்கள். தேடத் தேட ஒரு குடும்பமே அகப்படும்: கலகல, சலசல, படபட, கடகட, மளமள, பளபள, வளவள. எல்லாம் இரட்டைக்கிளவி! அந்தக் குடும்பத்துக்கு வெளியே ‘அவசர’ இருக்கிறது, ‘மரகத’ இருக்கிறது. ஐந்தெழுத்தில்? ‘அரசமர நிழல்’ என்கிறோமே, அந்த ‘அரசமர’ ஐந்து. ஆறெழுத்தில்? இந்த அவையில் உள்ள மாணவர்களிடம் அதை விட்டுவிடுகிறேன். பின்வரிசையில் ஒரு தம்பி ஏற்கெனவே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். வெளியே தேநீர் தயாராக இருக்கிறது, விடை தெரிந்தவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.